பாயிண்டர்

எங்கள் வீட்டில் என் பாயிண்டரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தப்பித் தவறிப் பேச்சு வந்துவிட்டால், "அந்த நேரத்துலதான் அவங்க அம்மாவுக்கு கிட்னி போச்சு" என்று அப்பா முந்திக்கொள்வார். கேட்டவர் "ஐயோ பாவம்" என்பார். அதோடு முடிந்துவிடும்.

என் பாயிண்டர் 2.38. உள்ளூர்ப் பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மின்னணுப் பொறியியல். 130 கிரெடிட், எட்டு செமஸ்டர், 2019இல் பட்டம். இங்கே படித்தவர்களுக்கு இந்த எண் என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. வேலை விளம்பரத்தின் கடைசி வரியில் 'குறைந்தது 2.75', 'குறைந்தது 3.00' என்று போட்டிருப்பார்கள். என் அறைத்தோழி முதல் வகுப்பில் தேறினாள். முதல் வகுப்பு எடுத்தால் பிடிபிடிஎன் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டாம் என்பதால் அவள் கடன் அப்படியே கழிந்தது. நான் இன்னமும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேரும் நான்கு வருடம் ஒரே விசிறிக்குக் கீழே தூங்கியவர்கள்தான்.

அந்த எண்ணை வைத்துக்கொண்டு, 28 வயதில், மருத்துவம் படிக்க விண்ணப்பித்தேன்.

ஏன் என்று எல்லாரும் கேட்கிறார்கள். சின்ன வயசு ஆசை என்று சொன்னால் சுலபமாக முடிந்துவிடும். ஆசை இருந்தது உண்மைதான். மெட்ரிகுலேஷன் முடித்து மருத்துவத்துக்குப் போட்டேன், கிடைக்கவில்லை, பொறியியல் வந்தது. அது நம் வீடுகளில் சர்வசாதாரணம். அதற்காக யாரும் பத்து வருடம் கழித்துத் திரும்பி வருவதில்லை.

நான் டயாலிசிஸ் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பொறியாளர். சுங்கைப்பட்டாணியிலிருந்து கிளம்பி கெடா, பினாங்கு, பெர்லிஸ் என்று காரில் சுற்றுவேன். டயாலிசிஸ் என்றால் ரத்தம்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். எங்கள் வேலையில் முக்கால்வாசி தண்ணீர். ஒரு நோயாளிக்கு ஒருமுறைக்கு நான்கு மணி நேரம், வாரத்துக்கு மூன்று முறை. வடிகட்டியின் ஒரு பக்கம் ரத்தம் ஓட, மறுபக்கம் நிமிடத்துக்கு 500 மில்லி திரவம் ஓடும். நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரமின் கரித்தொட்டியைத் தாண்டி வந்துவிட்டால் ரத்தத்தின் சிவப்பணுக்கள் உடையும். அதனால் காலையில் முதல் ஆள் நாற்காலியில் உட்காரும் முன் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிடித்த வேலை. நான் மோசமான பொறியாளர் இல்லை. இதை எழுதும்போதுகூட ஒரு தயக்கம் வருகிறது, 2.38 எடுத்தவள் இப்படிச் சொல்லலாமா என்று.

2021இல் ஒரு நிலையத்திலிருந்து அழைத்தார்கள். ஓர் அங்கிளின் இயந்திரம் திரும்பத் திரும்ப அலறுகிறது, சிரைப் பக்க அழுத்தம் அதிகம் காட்டுகிறது என்று மிஸ்ஸி சொன்னார். போனேன். சென்சாரைக் கழற்றிச் சோதித்தேன், அளவு சரியாக இருந்தது. வேறு இயந்திரத்துக்கு மாற்றினோம். அதுவும் அலறியது. அப்படியென்றால் கோளாறு இயந்திரத்தில் இல்லை. பதிவைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். மூன்று வாரமாக அழுத்தம் 140, 165, 190 என்று ஏறிக்கொண்டே வந்திருந்தது. ரத்தம் உடம்புக்குத் திரும்பும் வழி எங்கோ குறுகிக்கொண்டு வருகிறது என்று இன்று எனக்குத் தெரியும். அன்று அரைகுறையாகத்தான் தெரியும். "மெஷின் நல்லா இருக்குல்ல பாப்பா?" என்று அங்கிள் கேட்டார். "நல்லா இருக்கு அங்கிள்" என்றேன். சர்வீஸ் தாளில் 'பழுது எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பத்து நாள் கழித்து வேறு வேலைக்காக அங்கே போனபோது அவருக்குக் கழுத்தில் குழாய் போட்டிருந்தார்கள். கையில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்திருந்த ஃபிஸ்டுலாவில் ரத்தம் உறைந்து அடைத்துவிட்டது. என்னை யாரும் குறை சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. என் வேலை இயந்திரம், நான் எழுதியது உண்மை. ஆனால் அந்தத் தாளை நினைத்தால் இன்றும் வயிறு கலங்கும். அழுத்தம் ஏறுவதைப் பார்த்தவள் நான். அதன் அர்த்தம் தெரிய வேண்டிய இடத்தில் நான் இல்லை.

அன்றிரவு பெரியம்மா மகளுக்கு ஃபோன் போட்டேன். அக்கா என்னைவிட ஆறு வயது பெரியவள். சுபாங்கில் ஒரு தனியார் கல்லூரியில் இரண்டு வருடம், மீதி இரண்டு வருடம் அமெரிக்காவில் என்று இணைப்புப் பட்டம் படிக்கப் போனவள். அங்கேயே கல்யாணம் செய்து, பச்சை அட்டை வாங்கி, 2018இல் திடீரென்று மருத்துவம் படிக்கப் போகிறேன் என்று ஆரம்பித்தாள். குடும்பத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். அவள் பாயிண்டர் 2.60.

அக்கா சொல்லித்தான் 'போஸ்ட் பாக்' என்ற சொல்லையே கேள்விப்பட்டேன். அமெரிக்காவில் மருத்துவம் முதல் பட்டம் இல்லை. நான்கு வருடம் வேறு எதையாவது படித்துப் பட்டம் வாங்கியபின்தான் மருத்துவக் கல்லூரி. பட்டம் பொருளாதாரமாகக்கூட இருக்கலாம். ஆனால் உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றை ஆய்வுக்கூடத்தோடு படித்திருக்க வேண்டும். அவற்றைப் படிக்காமலே பட்டம் வாங்கியவர்களும், படித்துக் கோட்டைவிட்டவர்களும் பட்டத்துக்குப் பிறகு திரும்ப வந்து படிக்கும் ஏற்பாடு அது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1955 முதல் இருக்கிறதாம். கேட்க இதமாக இருக்கும், இரண்டாம் வாய்ப்பு என்று. ஆனால் பெயர்பெற்ற திட்டங்கள் பலவற்றில் நுழையவே 3.00 கேட்பார்கள். குறைந்த பாயிண்டரைச் சரிசெய்யப் போகிறவளிடம் நல்ல பாயிண்டர் கேட்கும் வாசல். அக்காவை இரண்டு இடங்களில் நிராகரித்தார்கள். அவள் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த கம்யூனிட்டி காலேஜில் இரவு வகுப்பில் பொது வேதியியலும் உயிரியலும் எடுத்து, இரண்டிலும் ஏ வாங்கி, அதைக் காட்டித்தான் மூன்றாவது இடத்தில் நுழைந்தாள்.

நான் பொறியாளர் புத்தியோடு உடனே கணக்குப் போட்டேன். அவளுக்கு 120 கிரெடிட்டில் 2.60. அதன்மேல் 32 கிரெடிட் எடுத்து அத்தனையிலும் நான்கு வாங்கினாலும் 2.89தான். மூன்றைத் தொடாது. எனக்கோ 130 கிரெடிட்டில் 2.38. அதை 3.00 ஆக்க 81 கிரெடிட் முழுக்க ஏ எடுக்க வேண்டும். அது இன்னொரு அரைப் பட்டத்துக்கும் மேல்.

"அப்ப எதுக்குக்கா இதெல்லாம்?"

"நம்பரை அழிக்க முடியாதுடி" என்றாள். "ஆஸ்டியோபதி காலேஜுங்க முன்னே திரும்ப எழுதுனா பழைய மார்க்க விட்டுருவாங்க. 2017ல அதையும் நிறுத்திட்டாங்க. நான் ஆரம்பிக்கறதுக்கு ஒரு வருசம் முன்ன, என் அதிர்ஷ்டம். இப்ப எல்லாத்தையும்தான் கூட்டுவாங்க. ஆனா வரிசையாப் பாப்பாங்க. எங்க விழுந்த, எங்க எழுந்த, ஏன்னு."

எனக்கும் அந்த வழி இருக்கிறதா என்று அவளே பார்த்துச் சொன்னாள். அங்குள்ள பொது விண்ணப்ப முறையில் வெளிநாட்டுப் பல்கலைக்கழக மதிப்பெண்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதாவது என் 2.38 அங்கே எண்ணாகவே நிற்காது. அரை நிமிடம் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் மீதியைச் சொன்னாள்: பெரும்பாலான கல்லூரிகள் அமெரிக்காவிலேயே படித்த பாடங்களைக் கேட்கும், குடியுரிமையோ பச்சை அட்டையோ இல்லாதவர்களை எடுக்கும் கல்லூரிகள் மிகக் குறைவு, அதிலும் சில நான்கு வருடக் கட்டணத்தையும் முன்கூட்டியே காட்டச் சொல்லும். என் பாயிண்டரை எண்ணாத ஊரில் என்னையும் எண்ண மாட்டார்கள்.

ஆகவே இங்கேயே. நம் நாட்டில் போஸ்ட் பாக் கிடையாது. இருக்கும் வழி, 18 வயதுப் பிள்ளைகள் நுழையும் அதே வாசலில் மறுபடி போய் நிற்பது. மருத்துவ மன்றம் கேட்கும் தகுதியில் ஏ லெவலும் ஒன்று: உயிரியல், வேதியியல், அவற்றோடு இயற்பியல் அல்லது கணிதம், மூன்றிலும் பி இருந்தால் விண்ணப்பிக்கலாம். 2022இல் பினாங்கில் ஒரு டியூஷன் சென்டரில் சனி, ஞாயிறு வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாள் உள்ளே நுழைந்ததும் ஒரு பையன் எழுந்து நின்று "குட் மார்னிங் டீச்சர்" என்றான். அடுத்த வாரத்திலிருந்து எல்லாருக்கும் அக்கா ஆனேன். டைட்ரேஷன் செய்யும்போது என் கை நடுங்காது, அவர்களுக்கு நடுங்கும். கரிம வேதியியலில் அவர்கள் பறப்பார்கள், நான் தவழ்வேன். பகலில் கரித்தொட்டி, இரவில் கார்பாக்சிலிக் அமிலம். இரண்டரை வருடம். உயிரியலில் ஏ, கணிதத்தில் ஏ, வேதியியலில் பி.

ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பம் வாங்கினேன். பழைய பட்டத்தின் மதிப்பெண் பட்டியலைச் செமஸ்டர் வாரியாக இணைக்கச் சொன்னார்கள். தன்னைப் பற்றி ஒரு கட்டுரையும்.

அக்கா அங்கே அப்படி ஒரு கட்டுரையை 5,300 எழுத்துக்குள், இடைவெளியும் சேர்த்து, எழுதியவள். எப்படி எழுத வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். என் முதல் வரைவை அனுப்பினேன். அதில் மூன்றாவது வாக்கியம் இது: 'பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது என் தாயாருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது; அது என் படிப்பைக் கடுமையாகப் பாதித்தது.' வேலைக்கான நேர்முகங்களில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம். எழுதும்போது கை நிற்கவே இல்லை.

அக்கா வீடியோவில் வந்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

"சித்திக்கு எப்போ டயாலிசிஸ் ஆரம்பிச்சாங்க?"

"2017 அக்டோபர்."

"அது உனக்கு எத்தனாவது செமஸ்டர்?"

நான் பதில் சொல்லவில்லை. அவளிடம் என் பட்டியல் இருந்தது. ஒவ்வொன்றாகப் படித்தாள். முதல் செமஸ்டர் 2.91. இரண்டாவது 2.10. மூன்றாவது 1.78. நான்காவது 2.02. அம்மா படுத்தது ஐந்தாவதில்: 2.24. பிறகு 2.47, 2.68, 2.84.

"சித்தி நோவுல விழுந்தப்புறம் உன் பாயிண்டர் ஏறுதுடி" என்றாள். "இதை நான் ஒரு நிமிசத்துல பாத்துட்டேன். அவங்க பாக்க மாட்டாங்களா?"

அவர்கள் பார்ப்பார்களா என்பது எனக்கு அந்த நேரத்தில் பெரிதாகத் தெரியவில்லை. வேறொன்றுதான் நெஞ்சை அடைத்தது.

எங்கள் வீட்டில் மாதத்தின் முதல் வாரம் ஒரு காரியம் நடக்கும். அம்மா எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் 19 வருடம் வேலை செய்தவர். அந்தச் சந்தாவினால்தான் சொக்சோ அவருடைய டயாலிசிஸ் செலவைப் பார்த்துக்கொள்கிறது, மாதாமாதம் ஒரு சிறு பென்ஷனும் வருகிறது. பென்ஷன் வந்ததும் அம்மா ஐம்பது வெள்ளி நோட்டு ஒன்றை மடித்து என் கையில் வைப்பார். "லோனுக்குக் கட்டு." நான் வேண்டாம் என்பேன். "என்னாலதானே உனக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ் போச்சு" என்பார். நான் வாங்கிக்கொள்வேன். 2020இலிருந்து இப்படி. மூவாயிரம் வெள்ளிக்கு மேல் வந்திருக்கும். வாங்கும்போதெல்லாம் என்னை நானே ஒரு நல்ல மகளாக நினைத்துக்கொள்வேன், அவர் மனம் நோகக்கூடாது என்று வாங்குகிறேன் என்று.

என்னதான் நடந்தது? பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பள்ளியில் நான் முதல் மாணவி. இரண்டாம் செமஸ்டரில் பொறியியல் கணிதத்தில் முதல் தேர்வுக்கு 31 வாங்கினேன். தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். அடுத்த வாரம் போகவில்லை. ஒரு வாரம் போகாவிட்டால் அடுத்த வாரம் போக இன்னும் கூச்சமாக இருக்கும். அறையில் படுத்திருப்பேன். அறைத்தோழி வகுப்புக்குப் போகும்போது தலைவலி என்பேன். அவள் ஒரு நாள் பனடோல் வாங்கி வந்து வைத்தாள், அதற்குப் பிறகு கேட்கவில்லை. வீட்டிலிருந்து ஃபோன் வந்தால் லைப்ரரியில் இருக்கிறேன் என்று சொல்லிவிடுவேன். மூன்றாம் செமஸ்டரில் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், மெத்தைக்கடியில் வைத்தேன். மருத்துவம் கிடைக்காத ஏமாற்றம் என்று இதற்குப் பெயர் வைக்கலாம். வைத்தும் பார்த்தேன். அதுவும் பொய்தான். தெரியவில்லை என்று யாரிடமாவது சொல்லப் பயம். அவ்வளவுதான்.

அம்மாவிடம் ஒரு சனிக்கிழமை சொன்னேன். டயாலிசிஸ் நாற்காலியில் இருந்தார், அரைமணி நேரம் ஓடியிருந்தது. நான்கு மணி நேரத்துக்கு அவர் எழுந்து போக முடியாது என்பதும் நான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம். பட்டியலைப் பிரித்து அவருடைய நல்ல கைப் பக்கம் வைத்து, விரலை வைத்துக் காட்டினேன். இது 2016. இது 2017 தொடக்கம். நீங்க இங்க வந்தது இது.

அம்மா கண்ணாடி கேட்டார். போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்ப நான் இல்லையா?"

"நீங்க இல்லம்மா."

"ஏழு வருசமா நான் சாமி முன்னால நின்னு உங்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்கேன்டி."

பக்கத்து நாற்காலி ஆண்டி திரும்பிப் பார்த்தார். நான் அழுதால் அம்மா என்னைச் சமாதானப்படுத்த வேண்டிவரும் என்று தோன்றியது. அழாமல் உட்கார்ந்திருந்தேன்.

"எதுக்கு கிளாசுக்குப் போகல?"

31 மதிப்பெண்ணைச் சொன்னேன். மெத்தைக்கடியில் வைத்த கடிதத்தைச் சொன்னேன். அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அவ்வளவுதானா?" என்றார். கோபமா, நிம்மதியா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். ரத்தப் பம்பு சுற்றிக்கொண்டே இருந்தது. மிச்ச மூன்று மணி நேரமும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து நான்கு நாள் பேசவில்லை. அப்பாவிடம் அவரே சொல்லியிருக்க வேண்டும். அப்பாவும் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கட்டுரையைத் திருத்தி எழுதினேன். இரண்டாம் செமஸ்டரில் தோற்றேன், அதை மறைத்தேன், மறைத்ததால் மேலும் தோற்றேன் என்று எழுதினேன். காரணத்தை ஒரு வாக்கியத்துக்கு மேல் நீட்டக்கூடாது என்று அக்கா சொல்லியிருந்தாள். அதன்படியே செய்தேன்.

நேர்முகத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஐந்தாம் செமஸ்டரில் என்ன மாறியது என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. யோசித்துத்தான் சொன்னேன். அந்த வருடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான்கு மணி நேரம் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வேண்டும். படுக்க இடமில்லை, ஓடவும் முடியாது. மடியில் நோட்டு இருந்தது. புரியாததைப் புரியும்வரை பார்த்துக்கொண்டிருப்பது என்பதை அங்கேதான் பழகினேன். அவர் தலையாட்டினார், எதையோ குறித்துக்கொண்டார்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. செப்டம்பரில் வகுப்பு. படித்து முடிக்கும்போது எனக்கு 34 ஆகியிருக்கும். மொத்தக் கட்டணம் மூன்று லட்சம் வெள்ளியைத் தாண்டுகிறது. இபிஎஃபில் இருப்பது, காரை விற்றால் வருவது, இன்னொரு கடன் எல்லாம் கூட்டினாலும் கடைசி இரண்டு வருடத்துக்கு இன்னும் வழி தெரியவில்லை. மாமா ஒருவர், ஒப்பந்த மருத்துவர்கள் 2021 ஜூலையில் கறுப்பு உடையில் வேலையை விட்டு வெளியே வந்து நின்ற படத்தை அனுப்பி, "டாக்டருங்களே ரோட்டுக்கு வந்துட்டாங்க, நீ எங்க போற?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பதில் என்னிடம் இல்லை. அந்த அங்கிளின் 140, 165, 190தான் இருக்கிறது.

இந்த மாதம் அம்மா ஐம்பது வெள்ளி தரவில்லை. பென்ஷன் வந்த மறுநாள் பெரியம்மாவோடு கடைக்குப் போய்த் தனக்கு ஒரு செருப்பு வாங்கி வந்தார். வாசலில் அதைப் போட்டு இரண்டு முறை நடந்து பார்த்தார். "எப்படி இருக்கு?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். டயாலிசிஸ் முடிந்தால் கால் கொஞ்சம் சுருங்கும், அதற்குத் தோதாகத்தான் எடுத்தேன் என்றார்.